ஏடு மீட்ட மாதரசி: பெங்களூர் நாகரத்தினம்மாள்

ஏடு தேடிப் பதிப்பித்தல் என்றவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் முதலில் தோன்றும் பெயர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்பதாகும். அவரோடு சி. வை. தாமோதரம் பிள்ளையும் நினைவுக்கு வருவார். கறையானுக்கும் காலத்திற்கும் இரையாக இருந்த ஏடுகளை இப்பெருமக்கள் மீட்டுத் தந்தனர். இன்னொரு வகை அழிவும் உண்டு. அஃது ஏட்டைத் தின்னாமல் ஏட்டை எழுதியவரின் பெயரைத் தின்பது. நூலை முழுதும் எரிக்காமல், வேண்டாத பக்கங்களை மட்டும் கிள்ளி எறிவது. அத்தகைய அழிவினின்றும் ஒரு பெண்பாற் புலவரை மீட்டவர் ஒரு பெண்மணி. இசைவாணராகவே பெரிதும் அறியப்பட்ட பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர். அவருடைய வாழ்க்கையைப் பதிப்பாளர் என்னும் கோணத்தில் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாத்தூரும் மணலியும் எண்ணூரும் திருவொற்றியூரும் இராயபுரமும் அடங்கிய வடசென்னைப் பகுதி இன்று துறைமுகத்தாலும் ஆலைகளாலும் அறியப்படுகிறது. 1856-ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் வண்டி இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. உழைப்பின் நிலமாகிய இப்பகுதி கலையின் நிலமாகவும் இருந்துள்ளது. திருவையாற்றுத் தியாகராசர் தம் மாணாக்கராகிய வீணை குப்பையரின் அழைப்பை ஏற்றுத் திருவொற்றியூருக்கு வந்தார். அவ்வூர் அம்மையின்மீது அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகள் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என வழங்குகின்றன. துறைமுகத்தை ஒட்டிய ஜார்ஜ் டவுன் தெருக்களிலோ அச்சகத்தாரும் புத்தக வணிகரும் இசைவாணரும் நாட்டியக் கலைஞரும் அருகருகே வாழ்ந்தனர். அந்த ஜார்ஜ் டவுனில் வாழ்ந்துகொண்டுதான் நாகரத்தினம்மாள் தம் நூற்பதிப்பைச் செய்து முடித்தார்.

பிறப்பும் கல்வியும்

நாகரத்தினம்மாள் 1878-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். தந்தையார் சுப்பாராவ் என்னும் வழக்கறிஞர். தந்தையின் ஆதரவு நெடுநாள் நிலைக்கவில்லை. கைக்குழந்தையுடன் தனித்து நின்ற தாய்க்கு மைசூரில் கிரிபட்ட திம்மய்யா என்னும் வடமொழிப் புலவர் புகலிடம் அளித்தார். சிறுமி அவரிடமே வடமொழியும் இசையும் பயின்றாள். கற்றதை விரைந்து கைக்கொண்டாள். ஆனால் அப்புலவரோடு பிணக்கு நேர்ந்தது. இவள் கல்வியில் முன்னேறப் போவதில்லை என்னும் இகழ்ச்சியைச் சுமந்துகொண்டு தாய் மகளுடன் வெளியேறினார். மகளைக் கலையில் வல்லவளாக்கியே தீர்வது என அத்தாய் உறுதி பூண்டார்.

அவ்வுறுதி வீண்போகவில்லை. பெங்களூரில் முனிசாமப்பா என்னும் ஆசிரியரிடம் நாகரத்தினம் இசை பயின்றார். முனிசாமப்பா வாலாசாப்பேட்டை கிருஷ்ணசாமி பாகவதரின் மாணாக்கர். கிருஷ்ணசாமி பாகவதரின் தந்தையாரோ தியாகராசரிடம் நேரே பயின்ற வேங்கடரமண பாகவதர். ஆகவே தியாகராசரின் இசை மரபு நாகரத்தினத்திற்கு இளமையிலேயே வந்து சேர்ந்தது. கன்னடம், தெலுங்கு, வடமொழி, தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் அவருக்குப் பயிற்சி வாய்த்தது. பதினைந்து வயதளவில் அரங்கேறினார். அதற்குச் சற்று முன்னரே தாயை இழந்துவிட்டார். மகள் பெற்ற புகழைக் காண அத்தாய்க்குக் கொடுத்துவைக்கவில்லை.

மைசூர் அரசவையிலும் பெங்களூரிலும் புகழ்பெற்ற பின்னர் நாகரத்தினம்மாள் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அக்காலச் சென்னை இசையுலகின் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்தது. கச்சேரிகள், ஹரிகதைகள், புதிதாக வந்த கிராமபோன் இசைத்தட்டுகள் ஆகியவற்றின் வழியே அவர் பெயர் மாகாணமெங்கும் பரவியது. வீணை தனம்மாள் அவருடைய நெருங்கிய தோழியரில் ஒருவர். தம் உழைப்பால் பொருளீட்டி, தம் பெயரில் வீடு வாங்கி, தாம் விரும்பிய நூல்களைத் தேடிப் படித்து வாழ்ந்த பெண்மணி அவர். குடும்பப் பெண்டிருக்குப் பள்ளிக்கூட வாயிலே அரிதாகத் திறந்த காலம் அது. கணிகையர் குலப் பெண்ணுக்கோ கல்வியும் சொத்தும் இருந்தன. மதிப்பு மட்டும் இல்லை. இந்த முரண்பாட்டை மனத்திற்கொண்டால்தான் அவர் செய்த செயலின் அருமை விளங்கும்.

முத்துப்பழனி என்னும் புலவர்

தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்டவர் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர். நாகூர் தர்காவில் வானளாவி நிற்கும் பெரிய மினாராவை எழுப்பியவர் என்று தமிழக முஸ்லிம்கள் நன்றியுடன் நினைவுகூரும் மன்னர் அவரே. அவருடைய அவையில் சிறந்து விளங்கிய கணிகைப் புலவர் முத்துப்பழனி. தெலுங்கிலும் வடமொழியிலும் புலமை மிக்கவர். ஆண்டாள் அருளிய திருப்பாவையைத் தெலுங்கில் பெயர்த்தவர். ஆகவே தமிழுக்கும் அவர் உறவினர்.

அவர் இயற்றிய பெருநூல் ராதிகா சாந்துவனமு. ராதையைத் தேற்றுதல் என்பது அத்தலைப்பின் பொருள். நான்கு பகுதிகளில் 584 பாடல்கள் கொண்டது. தான் வளர்த்த இளா என்னும் இளம்பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்துவைக்கிறாள் ராதை, இருவருக்கும் வாழ்க்கை நெறியும் உரைக்கிறாள், பின்னர்த் தன் பிரிவைத் தானே தாங்க மாட்டாமல் கலங்குகிறாள், சினங்கொள்கிறாள். கண்ணன் அவளைத் தேற்றுகிறான். பெண்ணின் ஆற்றாமையையும் ஊடலையும் பெண்ணே பாடிய நூல் இது. முத்துப்பழனியின் பாட்டியார் தஞ்சைநாயகியும் அதே அவையில் கலைமகளாகத் திகழ்ந்தவர். மன்னரின் அன்பில் பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே எழுந்த போட்டியின் நிழல் இக்கதையில் படிந்துள்ளதென ஆய்வாளர் சிலர் கருதுவர். அது மெய்யாயின், முத்துப்பழனி போட்டியில் தோற்றவளின் நெஞ்சுக்குள்ளும் புகுந்து பாடினார் என்றே கொள்ள வேண்டும். அதுவே புலமையின் உயர்வு.

நூலின் முகப்பில் முத்துப்பழனி தம் குலவரலாற்றைப் பாட்டி, தாய் எனப் பெண்வழியாகவே கூறுகிறார்; தாம் பெற்ற புலமையையும் சிறப்புகளையும் தயக்கமின்றி எடுத்துரைக்கிறார். தந்தைவழி மரபு கூறித் தன்னடக்கம் பேசுவதே வழக்கமாயிருந்த புலவர் உலகில் இது புதுமையானது.

குறைப் பதிப்பும் முழுப் பதிப்பும்

1887-ஆம் ஆண்டில் இந்நூல் அச்சேறியது. ஆங்கிலேய அறிஞர் சி. பி. பிரௌனோடு பணியாற்றிய பைடிபாட்டி வேங்கடநரசு அதைப் பதிப்பித்தார். அப்பதிப்பில் நூல் முகப்பும் பாடல்கள் சிலவும் விடுபட்டிருந்தன. பாடியவள் யார், எம்மரபினள் என்பதைச் சொல்லும் பகுதியே இல்லாமற்போயிற்று. அதே 1887-இல்தான் உ. வே. சா. சீவக சிந்தாமணியை வெளியிட்டார் என்பது எண்ணத்தக்கது. சிந்தாமணியிலும் இன்பச்சுவை நிரம்ப உண்டு. அதை இயற்றிய திருத்தக்கதேவரோ துறவி. எனினும் அவருக்கு நாணம் உண்டா என்று எவரும் வினவவில்லை. நூலின் பாக்களைக் கிள்ளி எறியவும் இல்லை. முத்துப்பழனிக்கு மட்டும் அவ்வினா எழுந்தது.

அவ்வினாவை வன்மையாக எழுப்பியவர் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. 1848 முதல் 1919 வரை வாழ்ந்த அவர் தெலுங்கு நாட்டின் தலைசிறந்த சீர்திருத்தவாதி. 1881-இல் இராசமகேந்திரத்தில் கைம்பெண் மறுமணத்தை நடத்திக் காட்டிய துணிவாளர். அவரைப் பெண்ணினத்தின் பகைவராகக் கருதுவது பெரும்பிழை. ஆயினும் தெலுங்குக் கவிஞர் வரலாற்றை எழுதியபோது முத்துப்பழனியின் புலமையையும் சொல்லினிமையையும் ஒப்புக்கொண்ட அவர், அவரை ஒழுக்கமற்றவர் எனப் பழித்தார். பெண் எழுதத் தகாதவற்றையும் பெண்கள் கேட்கத் தகாதவற்றையும் அவர் எழுதினார் என்பது அப்பழிப்பின் சாரம்.

நாகரத்தினம்மாள் தஞ்சை அவையைப் பற்றிய நூல்களைப் படிக்கையில் முத்துப்பழனியின் பெயரை அறிந்தார். அச்சுப் படியை அரிதின் முயன்று பெற்றுப் படித்தார். சுவையில் ஆழ்ந்தார், குறையையும் கண்டார். பின்னர் மூலச்சுவடி ஒன்று கிடைத்ததும் இரண்டையும் ஒப்பிட்டார். விடுபட்டவை எவை, சிதைந்தவை எவை எனத் தேர்ந்து முழுப்பதிப்பு ஒன்றை உருவாக்கினார். சென்னையின் புகழ்பெற்ற பதிப்பகமான வாவிள்ள இராமசாமி சாஸ்திருலு நிறுவனத்தார் 1910-இல் அதை வெளியிட்டனர்.

அப்பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரை தனியாகப் போற்றத்தக்கது. வீரேசலிங்கத்தின் பழிப்பை அவர் மறைக்கவில்லை. எடுத்துக்கொண்டு விடை கூறினார். நாணம் பெண்ணுக்கு மட்டும் உரியதா, ஆணுக்கு வேண்டாமா என்று கேட்டார். ஆண் புலவர் பாடிய இன்பச்சுவை நூல்களைப் போற்றும் அறிஞர், பாடியவள் கணிகை என்பதாலேயே அவள் நூலை இகழ்வது எவ்வாறு முறையாகும் எனச் சுட்டினார். வசை ஒன்றும் பேசாமல், அளவுகோல் இருவர்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையே வற்புறுத்தினார். தாமும் அப்புலவரின் மரபில் வந்தவர் என்பதையும் பெருமையுடனேயே குறிப்பிட்டார். முத்துப்பழனி தம் பாட்டியின் பெயரால் தம்மை அறிமுகம் செய்தார். நாகரத்தினம்மாள் முத்துப்பழனியின் பெயரால் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்.

தடையும் விடுதலையும்

விளைவு விரைவில் வந்தது. பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. 1911-ஆம் ஆண்டில் அரசின் பார்வை நூலின்மேல் விழுந்தது. அரசு மொழிபெயர்ப்பாளர் கோடேடி கனகராசு பந்துலு நூலில் ஆபாசம் உண்டெனக் கருத்துரைத்தார். காவல்துறையினர் படிகளைக் கைப்பற்றினர். புலவர் பலர் ஒன்றுகூடி அரசுக்கு விண்ணப்பம் செய்தும் பயனில்லை. நூல் தடை செய்யப்பட்டது. பதிப்பகத்தார் விடாது போராடினர். வெள்ளையர் ஆட்சி விலகும் தறுவாயில், டங்குடூரி பிரகாசத்தின் முயற்சியால் 1947-இல்தான் அத்தடை நீங்கியது. 1952-இல் வாவிள்ள நிறுவனத்தாரே நூலை மீண்டும் அச்சிட்டனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நூல் தன் குற்றமற்ற தன்மையை மெய்ப்பிக்கக் காத்திருந்தது.

இவ்விடத்தில் தமிழகத்து நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டு நோக்குதல் தகும். நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் காதலா கடமையா என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணியாகப் போற்றப்படும் அவருக்கு மதிப்புரை வழங்கியவர் முதுபெரும் புலவரான உ. வே. சா. ஆவார். மூத்த அறிஞர் ஒருவரின் நாலு வரி வாழ்த்து, ஒரு பெண்ணின் எழுத்துக்கு எத்தகைய காப்பு! முத்துப்பழனிக்கு அத்தகைய காப்பு வாய்க்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அதையும் ஒரு பெண்ணே தர நேர்ந்தது.

திருவையாற்றில் ஒரு போராட்டம்

1921-இல் மைசூர் இசைப்புலவர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய மடல் நாகரத்தினம்மாளின் வாழ்க்கையை வேறு திசைக்குத் திருப்பியது. திருவையாற்றில் தியாகராசரின் சமாதி பாழடைந்து கிடக்கும் நிலையை அம்மடல் தெரிவித்தது. அம்மையார் நேரில் சென்று கண்டார். தம் நகைகளையும் ஈட்டிய பொருளையும் செலவிட்டு, நிலத்தைப் பெற்றுத் திருத்தி, அங்கே கோயில் எழுப்பினார். 1920-களின் நடுவில் அப்பணி நிறைவுற்றது.

ஆனால் தாம் கட்டிய இடத்தில் தாமே பாட அவருக்கு உரிமை கிடைக்கவில்லை. தியாகராசர் நினைவு விழாவை நடத்தியோர் பெரிய கட்சி, சின்ன கட்சி எனப் பிரிந்து நின்று ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். பெண்கள் அவ்விழாவில் பாடலாகாது என்பதில் மட்டும் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. நாகரத்தினம்மாள் ஒதுங்கிப் போகவில்லை. பெண் இசைவாணர்களைத் திரட்டிக் கோயிலின் பின்புறத்தில் தனியே விழா நடத்தினார். அது பெண்கள் கட்சி எனப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் அவ்விழா நடந்தது. 1940-ஐ ஒட்டி எஸ். ஒய். கிருஷ்ணசுவாமி முதலியோரின் முயற்சியால் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. இன்று திருவையாற்றில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் பொறுமையான போராட்டம் உள்ளது.

சட்டமும் கருத்து வேறுபாடும்

நாகரத்தினம்மாளின் வாழ்வில் எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாத பகுதி ஒன்று உண்டு. 1927-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அம்முறையில் சிறுமியர் படும் துன்பத்தை நெருங்கி அறிந்தவர் அவர். அதை எதிர்த்துத் தேவதாசியர் சங்கம் அமைத்தனர். நாகரத்தினம்மாள் அவர்தம் முன்னணியில் நின்றார். குலம் முழுவதையும் ஒழுக்கக்கேட்டின் பெயரால் முத்திரையிடுவது தகாது. எங்களுக்குக் கல்வியும் கலைப்பயிற்சியும் தாருங்கள் என்பது அவர்கள் முறையீட்டின் சாரம்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ தேவதாசிக் குடும்பத்திலேயே வளர்ந்து, அம்முறையின் கொடுமையைத் தாமே கண்டு, அதை வேரறுக்கப் பாடுபட்டவர். 1936-இல் அவர் வெளியிட்ட தாசிகளின் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்னும் நாவல் அப்போராட்டத்தின் கருவியாயிற்று. ஒரே மரபைச் சார்ந்த இரு பெண்கள் எழுதுகோலை ஏந்தினர். ஒருவர் அம்மரபின் புலமையைக் காத்தார். மற்றவர் அம்மரபின் அடிமைத்தனத்தை அம்பலப்படுத்தினார். 1947-இல் தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெண் குழந்தைகளைக் காத்த அச்சட்டம் நீதியானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் முறையை ஒழித்த வேகத்தில் அம்முறையில் வாழ்ந்த பெண்களின் கல்வியும் கவிதையும் இசையும் சேர்ந்தே பழிக்கப்பட்டன. இராமாமிர்தம் அம்மையார் சொன்னதும் உண்மை. நாகரத்தினம்மாள் அஞ்சியதும் உண்மை. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இரண்டில் ஒன்றை மறைத்தால் அதுவும் ஒரு குறைப் பதிப்பேயாகும்.

முத்துப்பழனியின் நூலுக்கு விடுதலை கிடைத்ததும் தேவதாசி முறைக்குத் தடை வந்ததும் அதே 1947-இல் என்பதைக் காண்கிறோம். ஒரு பெண்ணின் சொல்லுக்கு விலங்கு நீங்கிய ஆண்டிலேயே பல பெண்களின் வாழ்வுக்கும் விலங்கு நீங்கியது. இரண்டையும் மகிழ்ச்சியுடன் ஏற்பது இன்றைய தலைமுறைக்கு இயலும். அன்று களத்தில் நின்றோர்க்கு அது இயலாமற்போயிற்று.

இறுதி நாள்கள்

பின்னாளில் நாகரத்தினம்மாள் சென்னையை விடுத்துத் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். பட்டும் நகையும் பூண்டு அரசவைகளில் பாடியவர் துறவியைப் போல எளிமையாக வாழ்ந்தார். தியாகராசரின் நூற்றெட்டுப் பெயர்களைக் கொண்ட போற்றி நூல் ஒன்றை வடமொழியில் இயற்றினார். தம் சொத்துகளைத் தியாகராசர் நினைவுப் பணிக்கே எழுதிவைத்தார். 1952-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் மறைந்தார். சமாதிக்கு எதிரே அவருக்கு நினைவிடம் எழுப்பப்பட்டுள்ளது. அங்கே அவருடைய சிலை தியாகராசர் சமாதியை நோக்கி அமர்ந்திருக்கிறது.

முத்துப்பழனியின் புகழ் பின்னரும் பரவியது. சூசி தாரு, கே. லலிதா ஆகியோர் 1991-இல் தொகுத்து வெளியிட்ட இந்தியப் பெண்கள் எழுத்துத் தொகுப்பு, இந்நூலின் தடை வரலாற்றை உலகறியச் செய்தது. 2007-இல் வி. ஸ்ரீராம் நாகரத்தினம்மாளின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். ஒருத்தியின் வரலாற்றைத் தேடிச் சென்றவருக்கும் வரலாறு கிடைத்தது.

நிறைவாக

சங்க இலக்கியத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்களைக் காண்கிறோம். அவருள் பலரைப் பற்றி நாம் அறிவது பெயர் மட்டுமே. அவர்தம் தாய் யார், ஆசிரியர் யார், எதற்காக எழுதினர் என்பன தெரியா. பெயராவது எஞ்சியதற்குக் காரணம் தொகுத்தவர்கள் அதை அடித்துவிடாமல் விட்டதே. பதிப்பாளரின் கையில் எத்துணைப் பெரிய அறம் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழ் பயிலும் மாணவ மாணவியர் நாளை ஆய்வாளராவர், பதிப்பாளராவர், ஆசிரியராவர். அவர்கள் கையில் பழஞ்சுவடியோ, வீட்டுப் பெட்டியில் மடித்துவைத்த பாட்டியாரின் குறிப்பேடோ, அரபுத்தமிழில் எழுதிய பாடற்கையேடோ வந்து சேரலாம். அதில் நமக்குப் பிடித்ததும் இருக்கும், பிடிக்காததும் இருக்கும். பிடிக்காத பக்கத்தைக் கிழிப்பது எளிது. முழுதும் பதிப்பித்துப் பின்னர் நம் கருத்தை முன்னுரையில் நேர்மையாக எழுதுவது கடினம். அந்தக் கடினமான வழியை 1910-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் டவுனிலிருந்து ஒரு பெண்மணி நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார். அவ்வழி நடப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.